எர்லீன் உண்மை பேசிய எட்டு வியாழக்கிழமைகள்

சார்ல்ஸ்டனில் எர்லீன் மனிகோவை வாய் மூட வைக்கக்கூடியவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் பல் வைத்தியர். இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமை போதகர். அவர் பேச்சும் இரண்டாவது பாட்டு வரைக்கும்தான் எடுபடும். மற்ற நேரமெல்லாம் அவள் பேசிக்கொண்டே இருப்பாள். ஊர் பார்க்க வருகிறவர்களைக் கோவேறு கழுதை பூட்டிய வண்டியில் ஏற்றி, தெருத் தெருவாகக் காட்டிக் கதை சொல்வது அவள் பிழைப்பு. அந்தப் பிழைப்பு இல்லாவிட்டாலும் பேசியிருப்பாள் என்பது வேறு விஷயம்.

அவள் பரம்பரை வண்டிக்காரி அல்ல. பத்தொன்பது வருஷம் கடற்படைத் தளத்தில் வெல்டிங் வேலை பார்த்தவள். தளத்தை இழுத்து மூடியபோது அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. புருஷன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தான். கூட வேலை பார்த்தவர்கள் ஹூஸ்டனுக்கும் நார்ஃபோக்குக்கும் மூட்டை கட்டியபோது, "எனக்கு இந்த ஊர் உப்புக் காத்து இல்லாம தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டு நேரே கழுதை லாயத்துக்குப் போய் நின்றாள். அப்போது அவளுக்குக் கழுதையின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்ற அளவுக்குத்தான் தெரியும்.

வழிகாட்டி உரிமத்துக்கு நகராட்சி ஒரு தேர்வு வைக்கும். அதற்குத் தலையணை கனத்தில் ஒரு புத்தகம் உண்டு. எந்த வீடு எந்த வருஷம், எந்தத் தூண் எந்தப் பாணி என்று சகலமும் அதில் இருக்கும். எர்லீன் மூன்றாம் முறைதான் தேறினாள். முதல் முறை வருஷங்கள் காலை வாரின. இரண்டாம் முறை அவள் வாயே வாரியது. வாய்மொழித் தேர்வில், "இந்த மாளிகையைக் கட்டினது யாரும்மா?" என்று கேட்டார்கள்.

"செங்கல் வச்சவங்களக் கேக்கறீங்களா, பத்திரம் வச்சிருந்தவரக் கேக்கறீங்களா?" என்றாள்.

கேட்டவர்கள் சிரித்தார்கள். மார்க் மட்டும் போடவில்லை. மூன்றாம் முறை நல்ல பிள்ளையாகப் பத்திரம் வைத்திருந்தவரின் பெயரைச் சொல்லி உரிமம் வாங்கிவிட்டாள். வாங்கிய மறுநாளே புத்தகத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, தன் கதைகளை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

அவள் வண்டியில் ஏறினால் எங்கள் ஊரில் பேய் இல்லாத வீடு கிடையாது. பழைய நிலநடுக்கத்துக்குப் பிறகு சுவர்களில் அடித்த இரும்புத் தட்டுகளைக் காட்டி, "இத ஒண்ணு கழட்டினா வரிசையா நாலு வீடு விழும், எங்க மாமா ஒரு தடவ கழட்டிப் பாத்துட்டாரு" என்பாள். எந்த மாமா என்று கேட்டவர் இல்லை. கேட்பதற்குள் வண்டி அடுத்த வீட்டுக்கு வந்திருக்கும், அங்கே வேறொரு மாமா இருப்பார். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வண்டி இழுக்கும் சாலமன் ஒருவன்தான் சிரிக்கமாட்டான். ஞானத்துக்குப் பேர்போன ராஜாவின் பெயரை அந்தக் கழுதைக்குக் குட்டியிலேயே வைத்திருக்க வேண்டும். வளர்ந்ததைப் பார்த்த பிறகு எவனும் வைத்திருக்கமாட்டான்.

ஆனால் வண்டி எந்தத் தெருவுக்குப் போவது என்பது எர்லீன் கையிலும் இல்லை, சாலமன் காலிலும் இல்லை. ஒரே தெருவில் இருபது வண்டி நெருக்கியடித்தால் அங்கே குடியிருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? அதற்காகச் சந்தைக்குப் பக்கத்தில் நகராட்சி ஒரு சின்னக் கூண்டு வைத்து, உள்ளே ஒரு அம்மாவை உட்கார வைத்திருக்கிறது. வண்டி போய் நின்றதும் அவள் ஒரு பொத்தானை அழுத்துவாள், ஒரு பந்து விழும். சிவப்பு விழுந்தால் தெற்கே பழைய மாளிகைத் தெருக்கள். நீலம் விழுந்தால் கிழக்கே துறைமுகப் பக்கம். பச்சை விழுந்தால் மேற்கு. விழுந்த நிறத்தில் ஒரு வில்லையை வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம்தான் போக வேண்டும்.

எர்லீனுக்குச் சிவப்பு என்றால் உயிர். அவளுடைய நல்ல சரக்கெல்லாம் தெற்கேதான் இருந்தது. அதிலும் ட்ராட் தெருவில் ஒரு மூன்று மாடி வீடு வரும்போது, யாரும் கேட்காமலே வண்டியை மெதுவாக்கி, மைக்கை வாயோடு ஒட்டிக்கொள்வாள்.

"இந்த வீட்டுச் சமையக்கட்டுல மிஸ் டைன்னு ஒருத்தி முப்பது வருஷம் சமைச்சா. அவ செய்யற சிவப்புச் சோத்துக்காகவே ஜட்ஜுங்க எல்லாம் கேஸ ஒத்திப் போட்டுட்டு ஓடி வருவாங்க. தக்காளியும் பன்னிக்கறியும் போட்டு, பருக்கை ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. இந்தத் தெரு அம்மாமாருங்க சேந்து ஒரு சமையல் புஸ்தகம் போட்டாங்க. 'டை, உன் சோறு எப்படின்னு சொல்லேன்'னு கேட்டாங்க. அவளும் சிரிச்சுக்கிட்டே சொன்னா. ஆனா ஒண்ணே ஒண்ண மட்டும் விட்டுட்டுச் சொன்னா. அன்னையிலிருந்து அம்பது வருஷமா இந்தத் தெரு பூராவும் கஞ்சிதான் குடிக்குது!"

வண்டியே குலுங்கும். இந்தக் கதை நகராட்சிப் புத்தகத்தில் இல்லை. எர்லீனின் சித்தி தேவாலயச் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டு வந்து சொன்னது. எர்லீனின் கதைகளில் நிஜமாக நடந்தது என்று அவளே நம்பியது அது ஒன்றைத்தான்.

அந்த வருஷம் ஜூன் மாதம்தான் அந்தப் பெரியவர் வந்து சேர்ந்தார்.

எழுபது வயது இருக்கும். நம் கறுப்பு ஜனம்தான், ஆனால் உடுப்பில் வடக்கத்திக்காரக் களை. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பழுப்புத் தொப்பி, முகம் பார்க்கும்படி பளபளக்கும் ஷூ. வியாழக்கிழமை மதியம் ஒரு மணி வண்டியில் கடைசி வரிசையில் ஏறினார். சட்டைப் பையிலிருந்து ஒரு குறிப்பு நோட்டையும் பேனாவையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். போட்டோ எடுக்கவில்லை. சிரிக்கவில்லை. ஒரு கேள்வி கேட்கவில்லை. நீலப் பந்து விழுந்தது. துறைமுகப் பக்கம் முழுதும் அவர் ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. இறங்கும்போது தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வியாழக்கிழமை மறுபடியும் வந்தார்.

லாயத்து மேஸ்திரி லூதர் பூன் எர்லீனை ஓரமாகக் கூப்பிட்டான். லூதர் சொல்வதில் பாதி பொய். எந்தப் பாதி என்று அவனுக்கே தெரியாது.

"எர்லீன், அந்த ஆளு யாருன்னு நெனச்ச?"

"யாரோ வேலையத்த மனுஷன்."

"ஒரே வண்டியில ரெண்டு தடவ காசு குடுத்து ஏறறவன் வேலையத்தவனா? அதுதான்டி அவன் வேலை. நகராட்சிக்காரன்!"

"போடா."

"வழிகாட்டிங்க இல்லாததையும் பொல்லாததையும் அளந்து விடறாங்கன்னு மேல கம்ப்ளெயின்ட் போயிருக்கு. மாறுவேஷத்துல ஆள் அனுப்பறாங்களாம். நோட்டும் பேனாவுமா உக்காந்து எழுதிட்டு போவாங்களாம். மூணு பொய் எழுதிட்டான்னா உரிமம் போச்சு."

"மூணா?" என்றாள் எர்லீன். அவள் முகம் சுண்டிவிட்டது. "நான் முதல் தெரு முக்கு திரும்பறதுக்குள்ளயே மூணு சொல்லிடுவேனேடா."

"அதத்தான் நானும் சொல்றேன்."

அப்படி ஒரு நகராட்சி ஆளை இதுவரை கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் பயம் வந்துவிட்டால் கண்ணால் பார்த்த சாட்சி எதற்கு? எர்லீனுக்கு ஐம்பத்தெட்டு வயது. வெல்டிங்குக்குத் திரும்பக் கண்ணும் இல்லை, இடமும் இல்லை. இந்த உரிமம் போனால் அக்கா மகள் வீட்டில் போய்த் தொலைக்காட்சி முன் உட்கார வேண்டியதுதான். அங்கேயும் பேசவிடமாட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலமே பரணில் கிடந்த புத்தகத்தை இறக்கித் தூசி தட்டினாள்.

அடுத்த வியாழக்கிழமையிலிருந்து எர்லீன் உண்மை பேச ஆரம்பித்தாள். பார்க்கச் சகிக்கவில்லை.

"உங்களுக்கு வலப்பக்கம் இருப்பது செங்கல் கட்டடம். இரண்டு மாடிகள். கூரை ஓட்டினால் ஆனது." அவ்வளவுதான். பந்து போடும் கூண்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்ன எர்லீன், உடம்புக்கு முடியலயா?" என்று கேட்டாள். அலபாமாவிலிருந்து வந்த ஒரு அம்மா ஆசையாக, "இந்த வீட்டுல பேய் இருக்குதாமே?" என்றதற்கு, "நகராட்சிப் புத்தகத்துல அப்படி ஒண்ணும் இல்லீங்க" என்று பதில் வந்தது. மாமாக்கள் அத்தனை பேரும் ஒரே வாரத்தில் செத்துப்போனார்கள்.

சாலமன் தெருவில் மூத்திரம் பெய்தால் அந்த இடத்தில் ஒரு சின்னக் கொடியைப் போட்டுவிட்டு ரேடியோவில் தகவல் சொல்ல வேண்டும், கழுவுகிற லாரி வரும். அது சட்டம். மற்ற வண்டிக்காரர்கள் கொடியைப் போட்டு, தெருப் பெயரை முணுமுணுத்துவிட்டுப் போய்விடுவார்கள். எர்லீன் இப்போது வண்டியை நிறுத்தி, கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல, "மதியம் ஒண்ணு பதினேழு, கிழக்கோரத்துல, சுமாரா ஒரு வாளி" என்று அறிவித்தாள். பின் வரிசையில் பெரியவர் பேனாவைத் திறக்கக்கூட இல்லை. 'எழுத எடம் குடுக்கல பாத்தியா' என்று எர்லீன் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டாள். பயணிகளில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றை மட்டும் அவள் கவனித்தாள். கூண்டருகே வண்டி நின்றதும் பெரியவர் கழுத்தை நீட்டிப் பந்தைப் பார்ப்பார். பச்சையோ நீலமோ விழுந்தால் அவர் தோள் தளர்ந்துவிடும்.

"சிவப்புக்குக் காத்துக்கிட்டிருக்கான்" என்றான் லூதர். "உன் பெரிய பொய்யெல்லாம் தெக்கதான இருக்கு. கையும் களவுமா பிடிக்கப் பாக்கறான்."

"பிடிக்கட்டும், பிடிக்கட்டும். ட்ராட் தெருவுல வாயில கொழுக்கட்டையோட போவேன்."

உண்மை பேச ஆரம்பித்த எட்டாவது வியாழக்கிழமை சிவப்பு விழுந்தது. பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, நோட்டைத் திறந்து, பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டார். எர்லீன் லகானை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ட்ராட் தெரு திரும்பியது. அந்த வீடு வந்தது. பழக்க தோஷத்தில் சாலமன் தானாகவே நடையைக் குறைத்தான்.

"ஆயிரத்து எழுநூற்று எழுபதுகளில் கட்டப்பட்டது. மூன்று மாடிகள். மேல்மாடி பின்னால் சேர்க்கப்பட்டது" என்றாள் எர்லீன். "போடா போடா" என்று சாலமனைத் தட்டினாள்.

வீடு பின்னால் போய்விட்டது. பெரியவர் திரும்பி, தெரு முனை வரை அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு பேனாவை மூடினார். இறங்கும்போது அன்றைக்குத் தொப்பியைத் தொடவில்லை.

அன்று லாயத்தில் கொண்டாட்டம். லூதர் ஒரு பெரிய பை அவித்த வேர்க்கடலை வாங்கி வந்தான். எர்லீன் பரீட்சையில் தேறிய பிள்ளைபோல உட்கார்ந்து தோலை உரித்து எறிந்தாள். அடுத்த வியாழன் பெரியவர் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை. மாமாக்கள் உயிர்த்தெழுந்தார்கள், பேய்கள் மாடிக்குத் திரும்பின. மிஸ் டை கதையை மட்டும் எதற்கு வம்பு என்று இன்னும் மூட்டையிலேயே வைத்திருந்தாள்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, படகிலிருந்து நேரடியாக இறால் வாங்க ஷெம் ஓடைக்குப் போனாள். அங்கே வரிசையில் அவளுக்கு முன்னால் பழுப்புத் தொப்பி. எர்லீன் ஒரு அடி பின்வாங்கினாள். ஆனால் பரீட்சை முடிந்துவிட்டதே என்ற தைரியத்தில் வாய் முந்திக்கொண்டது.

"ஐயா, வணக்கம். ஒண்ணு கேக்கணும். எனக்கு மார்க்கு எவ்வளவு போட்டீங்க?"

பெரியவர் திரும்பி விழித்தார். "எதுக்கும்மா மார்க்கு?"

"நம்மகிட்டயேவா? எட்டு வாரம் முதுகு நிமிராம உக்காந்து பாத்தீங்களே. ஒரு பொய் கிடைச்சுதா? உண்மையச் சொல்லுங்க."

"பொய்யா? நான் எதுக்கும்மா பொய்யத் தேடறேன்?"

"நீங்க நகராட்சி ஆளு இல்லியா?"

"நான் பிலடெல்பியாவுல பஸ் ஓட்டினேன். ரிட்டயர் ஆயி எட்டு வருஷமாச்சு. பேரு எசேக்கியா. எசேக்கியா மசீக்."

எர்லீன் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். எட்டு வாரம்! ஒரு ரிட்டயரான பஸ் டிரைவருக்காக எட்டு வாரம் மூத்திரத்துக்கு அளவு சொல்லியிருக்கிறாள்.

"அப்போ அந்த நோட்டு?"

எசேக்கியா இறாலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "மே மாசம் ஒரு தடவ கூட்டத்தோட கூட்டமா உங்க வண்டியில சும்மா ஏறினேன். ட்ராட் தெருவுல நீங்க மிஸ் டைன்னு சொன்னீங்க. எங்க அம்மாதாம்மா அது."

எர்லீனுக்குச் சத்தம் வரவில்லை. பல் வைத்தியரும் போதகரும் பார்த்திருக்க வேண்டும்.

"சின்ன வயசுல அம்மாவுக்காக அந்த வீட்டுப் பின்பக்கக் கேட்டுல நிப்பேன். முன்பக்கம் போனதே கிடையாது. அந்தத் தெருவுல, மைக்குல, யாரோ ஊரு பேரு தெரியாத ஜனங்கிட்ட நீங்க அம்மா பேரச் சொன்னீங்க. ரூத்துன்னு என் தங்கச்சி, பிலடெல்பியாவுல இருக்கா, கண்ணு தெரியாது. அன்னைக்கே போன் போட்டுச் சொன்னேன். 'ட்ராட் தெருவுல அம்மா பேரா? அண்ணே, உனக்கு வெயில் தலைக்கு ஏறிடுச்சு'ன்னுட்டா. சரி, இன்னொரு தடவ கேட்டு, அப்படியே எழுதிக்கிட்டுப் போயி வாசிச்சுக் காட்டலாம்னுதான் வந்தேன். அந்தச் சிவப்புப் பந்து விழவே மாட்டேன்னுச்சு."

"விழுந்துச்சே" என்றாள் எர்லீன் மெல்ல.

"விழுந்துச்சு. நீங்க மேல்மாடி பின்னால சேத்ததுன்னீங்க. அதோட எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா. தங்கச்சி சொன்னது சரிதான், நானாக் கற்பன பண்ணிக்கிட்டேன் போலன்னு விட்டுட்டேன்."

"ஏன்யா, ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல? 'மிஸ் டை கதையச் சொல்லும்மா'ன்னு கேட்டா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

"கேட்டா எனக்காகச் சொல்லுவீங்க. எங்கிட்டச் சொல்ல என்ன இருக்கு, எனக்குத்தான் தெரியுமே. யாரும் கேக்காம, ஊருக்குச் சொல்றீங்க பாருங்க, அதுதான் எனக்கு வேணும்."

எர்லீனுக்குத் தன்மீதே எரிச்சலாக வந்தது, லூதர்மீது அதைவிட அதிகமாக வந்தது. "நாளைக்கு வாங்க. ஒரு மணி வண்டி."

"சனிக்கிழம ஊருக்குக் கிளம்பறேன். நாளைக்குச் சிவப்பு விழலேன்னா?"

"விழும்யா. விழலேன்னா கூண்டுக்குள்ள பூந்து நானே எடுக்கறேன்."

வெள்ளிக்கிழமை நெருப்பாக விடிந்தது. ஒரு மணி வண்டியில் ஒன்பது பேர். கடைசி வரிசையில் எசேக்கியா, புதிதாகக் கஞ்சி போட்ட சட்டையில். கூண்டுக்காரி பொத்தானை அழுத்தினாள். சிவப்பு.

"அல்லேலூயா!" என்று எர்லீன் போட்ட கூச்சலில் சாலமன் காதை விறைத்தான். சிவப்பு வில்லையை மாட்டி, லகானைக் கையில் எடுத்தாள். அந்த நேரத்தில்தான் ரேடியோ கரகரத்தது. வெயில் அளவு தாண்டிவிட்டது, எல்லாக் கழுதைகளும் குதிரைகளும் உடனே லாயத்துக்குத் திரும்ப வேண்டும். மனிதர்களுக்கு இல்லாத கரிசனம் கழுதைகளுக்கு உண்டு எங்கள் ஊரில். அன்றைக்கு இனி வண்டி கிடையாது.

எர்லீன் வண்டியைத் திருப்பினாள். லாயத்தில் பயணிகள் இறங்கிச் சீட்டுக் காசைத் திரும்ப வாங்க நகர்ந்தார்கள். எசேக்கியா தொப்பியை மாட்டிக்கொண்டு, "பரவால்லம்மா. நீங்க சொன்னீங்கங்கறது உறுதியாயிடுச்சில்ல, அது போதும்" என்றார். போதவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

எர்லீன் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள்.

"இங்க பாருங்க மக்களே! கழுதைக்குத்தான் தடை. காலுக்குத் தடையில்ல, பந்தும் கிடையாது. என் உரிமம் நடந்து சொல்றதுக்கும் செல்லும். காச வாங்கிக்கிட்டே வாங்க. எனக்கு ஒரு பைசா வேணாம். ஒரே ஒரு வீடு, ஒரே ஒரு கதை. யாரு வர்றீங்க?"

"அந்த வெயில்லயா?" என்றது ஒரு குரல். நாலு பேர் அப்போதே நடையைக் கட்டினார்கள். ஒருவர் குளிர்பானக் கடையைப் பார்த்து மாயமானார். கடைசியில் எசேக்கியாவைத் தவிர மூன்று பேர்தான் மிஞ்சினார்கள். ஒஹாயோவிலிருந்து வந்த புதுமணத் தம்பதி, வெயிலென்ன மழையென்ன என்று கைகோத்து நின்றது. மூன்றாவது, கண்ணாடி போட்ட ஒல்லியான ஒரு பெண்மணி. கையில் அட்டை, அதில் செருகிய தாள், பேனா.

லூதர் ஓடி வந்து எர்லீனின் முழங்கையைப் பிடித்தான். "எர்லீன், வேணாம். அந்தக் கண்ணாடிக்காரியப் பாரு. தனியா வந்திருக்கா. ஒரு போட்டோ எடுக்கல. காலையிலிருந்து கேள்வி மேல கேள்வி. இவதான் நகராட்சி ஆளு. சத்தியமா இவதான்!"

எர்லீன் அவளைப் பார்த்தாள். இவள் நிஜமாகவே அப்படித்தான் தெரிந்தாள். அக்கா மகள் வீடும் தொலைக்காட்சியும் கண்முன் வந்து போயின. கடைசி வரிசைக்காரர் வாசலில் தொப்பியோடு காத்துக்கொண்டு நின்றார்.

"இருக்கட்டும்டா" என்றாள். "சாலமனுக்குத் தண்ணி காட்டு."

பதினாறு வருஷமாக இந்தத் தெருக்களைச் சாலமனின் முதுகுக்கு மேலாகத்தான் பார்த்திருந்தாள். நடந்து போகும்போது எல்லாம் இரண்டு மடங்கு நீளமாக இருந்தன. சர்ச் தெருவைத் தாண்டுவதற்குள் முட்டி பேச ஆரம்பித்தது. எசேக்கியா கை கொடுத்தார். "நான் உங்களக் கூட்டிக்கிட்டுப் போறனா, நீங்க என்னையா?" என்றாள் மூச்சிரைக்க. வழி முழுதும் ஒரு பேய்கூட வரவில்லை, அதற்கு மூச்சு இல்லை.

வீட்டு முன்னால் வந்து நின்றார்கள். மைக் இல்லை. எர்லீன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேலிக்கு எதிரே நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். மிஸ் டையின் முப்பது வருஷம், ஜட்ஜுகள், சிவப்புச் சோறு, அம்மாமார்களின் புத்தகம். "அவ சிரிச்சுக்கிட்டே சொன்னா, ஒண்ணே ஒண்ண மட்டும் விட்டுட்டு!" என்றபோது ஒஹாயோ ஜோடி சிரித்தது. கண்ணாடிக்காரி எழுதிக்கொண்டிருந்தாள்.

எசேக்கியா பள்ளிக்கூடப் பையனைப்போலக் கையைத் தூக்கினார்.

எர்லீன் தன் சுற்றில் யாரையும் பேசவிட்டது கிடையாது. "சொல்லுங்கய்யா" என்றாள்.

"அம்மா எதையும் விடலம்மா. எல்லாத்தையும் எழுதிக் குடுத்தா. நான் பக்கத்துலதான் இருந்தேன். அரிசி எவ்வளவு, தண்ணி எவ்வளவு, மூடிய எப்பத் தொறக்கணும், எப்பத் தொறக்கவே கூடாது, எல்லாம். அடுப்ப விட்டு நகரக் கூடாதுன்னும் எழுதினா. அந்த அம்மாமாருங்க அடுப்பு முன்னால நின்னதில்ல, அதான் கஞ்சியாச்சு." அவர் கையை இறக்கினார். "தாளுக்குக் கீழ அவ பேரயும் எழுதினா. புஸ்தகம் வந்தப்போ அது ஒண்ணுதான் இல்ல. இன்னார் வீட்டுச் சிவப்புச் சோறுன்னு வீட்டுக்காரம்மா பேரு இருந்துச்சு."

ஒஹாயோ பெண் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

அந்த அம்மாமார்கள் விட்டது ஒரு பெயர். எட்டாவது வியாழக்கிழமை, சிவப்புப் பந்து விழுந்து, பெற்ற பிள்ளை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தபோது, எர்லீன் விட்டதும் அதே பெயர்தான். அவர்களாவது பெருமைக்காக விட்டார்கள். அவள் பயத்தில் விட்டாள்.

"நானும் விட்டுட்டேன்யா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள வெட்கப்படவில்லை. "அம்மாவோட முழுப் பேரு என்ன?"

"டயானா மசீக்."

"இந்தத் தெருவுக்குக் காது மந்தம். சத்தமாச் சொல்லுங்க."

பெரியவர் தொப்பியைக் கழற்றினார். அந்த வீட்டின் முன்கதவைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "டயானா மசீக்!" என்றார். எங்கோ ஒரு ஜன்னல் திறந்தது. எர்லீன் அதைவிடச் சத்தமாக இன்னொரு முறை சொன்னாள்.

கண்ணாடிக்காரி பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "இது எந்தப் புத்தகத்துல இருக்கு?"

லூதர் இருந்திருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பான்.

"எந்தப் புஸ்தகத்துலயும் இல்லம்மா" என்றாள் எர்லீன். "அதுக்குத்தான் நடந்து வந்தோம். சாட்சி வேணும்னா இதோ நிக்கறாரு. நீங்க நகராட்சியா இருந்தாலும் சரி, யாரா இருந்தாலும் சரி, நான் சொன்னத அப்படியே எழுதிக்கங்க."

கண்ணாடிக்காரி ஒரு நிமிஷம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குனிந்து எழுதினாள். எர்லீன் முட்டியைப் பிடித்துக்கொண்டு அவள் தோளுக்கு மேலாக எட்டி, பெயர் முழுசாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.